வளைவுக்கு வளைவு டவர் மாறுகிற ஊருக்கு எந்த போன்?

போன டிசம்பரில் அப்பாவின் போன் செத்துப்போனது. கீழே போட்டு உடைக்கவில்லை. விடிகாலையில் பூண்டுக் காட்டைப் பார்க்கப் போனவர், வடுகபட்டி கமிஷன் கடைக்கு விலை கேட்க போன் போட்டிருக்கிறார். 28 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த செட், எதிர்முனையில் ஆள் எடுப்பதற்குள் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்புத் திண்ணையில் வைத்து, சூடேறியதும் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி அதே 28. இப்படி மூன்று நாள். நாலாம் நாள் பேட்டரி உப்பி, பின்மூடி எழுந்து நின்றது.

எங்கள் ஊர் பூம்பாறை. நான் கொடைக்கானலில் ஒரு விடுதியில் கணக்கு பார்க்கிறேன். அப்பாவுக்கு போன் வாங்கவேண்டும் என்று பேச்சு வந்ததும், டாக்ஸி ஓட்டுகிற பெரியப்பா மகன், "அப்படியே எனக்கும் ஒன்று பார்த்துச் சொல்லு தம்பி, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போகாதே" என்றார். சரி, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தேடுவோம் என்று உட்கார்ந்தேன். தேடத் தேட ஒன்று தெளிவானது. இணையத்தில் இருக்கிற ஒப்பீடுகள் எல்லாம் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதியவை. கேம் ஓடுமா, செல்ஃபி வெளுக்குமா என்பதிலேயே பாதி கட்டுரை தீர்ந்துவிடுகிறது. மலையில் இருப்பவன் கேட்கிற கேள்வி வேறு. டவரைப் பிடிக்குமா, பிடித்ததை விடாமல் இருக்குமா, குளிரில் சாயங்காலம் வரை தாங்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகுதான் மற்றதெல்லாம்.

முதலில் லாக் விஷயம், அதாவது போனை ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டிவைப்பது. நம் கடைகளில் விற்கிற போன் பெரும்பாலும் எந்த கம்பெனி சிம் போட்டாலும் ஓடும். அதனாலேயே யாரும் இதை யோசிப்பதில்லை. ஆனால் விதிவிலக்குகள் உண்டு, அவை மலிவு விலையில்தான் வருகின்றன. 2021-ல் 6,499 ரூபாய்க்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட், ஜியோ சிம்மோடு கட்டப்பட்டது. 2023-ல் போக்கோ சி51-க்கு ஏர்டெல்லோடு சேர்ந்து ஒரு பதிப்பு 5,999-க்கு வந்தது. அதில் 18 மாதம் ஏர்டெல் சிம்தான். விலையைப் பார்த்தால் கை நீளும். சமவெளியில் இருப்பவருக்கு இது நல்ல பேரமாகக்கூட இருக்கலாம். மலையில் அப்படி இல்லை. வத்தலக்குண்டில் ஏறி, ஊத்து, பெருமாள்மலை தாண்டி, மூஞ்சிக்கல் வந்து, அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று போகிற பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கம்பெனி முழுப் புள்ளி காட்டும், அடுத்த வளைவில் அது மறைந்து இன்னொன்று தலைகாட்டும். அண்ணன் எப்போதும் இரண்டு கம்பெனி சிம் வைத்திருப்பார். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பலரும் அப்படித்தான். ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்ட போன் இவருக்குப் பாதி போன்தான்.

தவணைக்கு எடுக்கிற போனிலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கடன்களில் தவணை தவறினால் செட்டையே பூட்டிவிடுகிற செயலியைப் போட்டுக் கையில் கொடுத்ததுண்டு. சிம் லாக் வேறு, இது வேறு. அப்புறம், அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்து தருகிற ஐபோன். அங்கே தவணையில் வாங்கியது அந்த ஊர் கம்பெனிக்கு லாக் ஆகியிருக்கும். லாக் இல்லாவிட்டாலும், ஐபோன் 14-லிருந்து அங்கே விற்கிற செட்டில் சிம் போடும் தட்டே கிடையாது, செட்டுக்குள்ளேயே பதிகிற இ-சிம் மட்டும்தான். ஓசியில் வந்தாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது அலைவரிசை, கடைக்காரர்கள் பேண்ட் என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலைக்காரர்களுக்கு மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. அதிர்வெண் குறைந்தால் அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும், மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்தும் இறங்கும். அதிர்வெண் கூடினால் டேட்டா வேகம் கூடும், தூரம் குறையும். 5ஜிக்கு அதிகம் ஓடுகிற 3,500 மெகாஹெர்ட்ஸ், டவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பறக்கும். ஒரு மேடு குறுக்கே வந்தால் போச்சு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள்தான் பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேருகின்றன. ஜியோவின் 4ஜியில் 850 இருக்கிறது, அது பேண்ட் 5. ஏர்டெல் 900 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிறது, பேண்ட் 8. இந்த இரண்டும் எந்த மலிவு போனிலும் இருக்கும், கவலை இல்லை.

சிக்கல் பிஎஸ்என்எல் 4ஜியில். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டி, 2025 செப்டம்பர் 27 அன்று ஏறத்தாழ 97,500 டவர்களோடு தொடங்கிவைத்தார்கள். அது ஓடுவது முக்கியமாக 700-லும் 2,100-லும். இந்த 700-க்கு 4ஜி கணக்கில் பேண்ட் 28 என்று பெயர். 2,100 எல்லா போனிலும் எடுக்கும், ஆனால் பேண்ட் 28 இல்லாத மலிவு போன்கள் நிறைய. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. 5ஜி பட்டியலில் என்28 என்று போட்டிருப்பார்கள், அதுவும் 700 மெகாஹெர்ட்ஸ்தான். அதைப் பார்த்துவிட்டு 4ஜியிலும் 28 இருக்கும் என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. இரண்டும் தனித்தனிப் பட்டியல். உங்கள் கிராமத்தில் எடுக்கிறது பிஎஸ்என்எல் மட்டும்தான் என்றால், கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் 4ஜி பட்டியலை விரல் வைத்துப் படித்துவிட்டு, 28 இருந்தால் மட்டும் காசை எடுங்கள்.

பேச்சுக்கு இன்னொரு கணக்கு. ஜியோவில் 2ஜி கிடையாது. 4ஜி சிக்னல் மறைந்தால் பேச்சும் போச்சு. ஏர்டெல்லிலும் பிஎஸ்என்எல்லிலும் 2ஜி இன்னும் இருப்பதால், டேட்டா நகராத இடத்திலும் குரல் மட்டும் கேட்கும். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங் வசதியை இயக்கி வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் மேடைதான் டவர் மேடை. போன் அங்கே இருந்தால் மணி அடிக்கும், கையில் எடுத்து நடந்தால் கட். வைஃபை காலிங் இருந்தால் அப்பா கூடத்தில் உட்கார்ந்தும் பேசலாம்.

இவ்வளவும் மனசில் வைத்துக்கொண்டு மூன்று போனை எடுத்து வைத்தேன். மூன்றும் லாக் இல்லாதவை, மூன்றும் 5ஜி, மூன்றும் 2024 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையில் வந்தவை. நான் சொல்வதெல்லாம் வெளிவந்த நாளின் விலை. கடையில் இப்போது ஏறியோ இறங்கியோ இருக்கும்.

மலிவானது ரெட்மி ஏ4 5ஜி. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, 8,499 ரூபாய். ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப், 6.88 அங்குலத் திரை, 5,160 எம்ஏஎச் பேட்டரி. இந்த விலைக்குக் குறை சொல்ல முடியாத செட், ஒன்றைத் தவிர. இதன் 5ஜி, 4ஜியின் துணை இல்லாமல் தனியாக ஓடுகிற எஸ்ஏ என்ற முறையில் மட்டும் வேலை செய்யும். ஜியோ கட்டியிருப்பது அந்த முறை. ஏர்டெல் தன் 5ஜியைத் தொடங்கியது 4ஜியின் முதுகில் ஏறி ஓடுகிற என்எஸ்ஏ முறையில். அது இந்த போனில் வராது, அந்த முறை மட்டும் இருக்கிற இடத்தில் ஏர்டெல் சிம் போட்டால் 4ஜிதான். லாக் இல்லாத போனுக்குள்ளும் இப்படி ஒரு சின்ன லாக் ஒளிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், பூம்பாறையில் இருக்கும் அப்பாவுக்கு இது ஒரு குறையே இல்லை. 4ஜி நிலையாக நின்றாலே அவருக்குப் போதும். ஊர் சுற்றுகிற அண்ணனுக்கு, மதுரை விமான நிலையத்தில் காத்துக்கிடக்கும்போது, இது குறைதான்.

இரண்டாவது மோட்டோ ஜி35 5ஜி. 4 ஜிபி, 128 ஜிபி, 9,999 ரூபாய். யூனிசாக் டி760 சிப். மற்ற இரண்டும் எச்டி பிளஸ் திரை, இது முழு எச்டி, 120 ஹெர்ட்ஸ். வெளிச்சமும் 1,000 நிட்ஸ் வரை ஏறும் என்கிறார்கள். இது விளம்பரப் பேச்சு என்று முதலில் ஒதுக்கிவிட்டேன். பிறகு ஒரு நாள் மதியம், மோயர் பாயின்ட் பக்கம் வண்டியில் உட்கார்ந்து அண்ணனின் பழைய போனில் மேப் பார்த்தபோது புரிந்தது. 2,000 மீட்டருக்கு மேல் வெயில் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஒளி கண்ணைப் பிடுங்கும். திரையில் என் முகம்தான் தெரிந்தது, பாதை தெரியவில்லை. நாள் முழுக்க மேப்பும் இ-பாஸும் ஜிபேயுமாக இருக்கிற ஆளுக்குத் திரை வெளிச்சம் வசதிக் கணக்கில் வராது, அது தொழில் கருவி. 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தபிறகு, விருந்தாளிக்கு எடுத்துக் கொடுக்கிற வேலையும் பாதி நாள் டிரைவர் தலையில்தான் விழுகிறது.

மூன்றாவது சாம்சங் கேலக்ஸி ஏ06 5ஜி. 4 ஜிபியோடு 64 ஜிபி 10,499, 128 ஜிபி 11,499. டைமென்சிட்டி 6300 சிப், 6.7 அங்குலம், 90 ஹெர்ட்ஸ், 5,000 எம்ஏஎச். காகிதத்தில் பார்த்தால் மூன்றில் இதுதான் சப்பை. அதிக விலை, மங்கிய திரை, போதாக்குறைக்குப் பெட்டியில் சார்ஜரும் கிடையாது. இருந்தும் அப்பாவுக்கு இதை நான் ஓரம்கட்ட முடியாததற்கு இரண்டு காரணம்.

ஒன்று தண்ணீர். ஐபி என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ரெட்மிக்கும் மோட்டோவுக்கும் ஐபி52. சாம்சங்குக்கு ஐபி54. இரண்டு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஐபி52-க்கு வைக்கிற சோதனை, செட்டை 15 டிகிரி வரை சாய்த்து வைத்து மேலிருந்து தண்ணீர் சொட்டவிடுவது. ஐபி54-க்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் தெளிப்பார்கள். எங்கள் மழையைப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஐப்பசியில் இங்கே மழை மேலிருந்து விழாது. சாரல் பக்கத்திலிருந்து வரும், மேகம் ஏறும்போது கீழிருந்தும் வரும். குடை பிடித்தவன் இடுப்புக்குக் கீழ் நனைந்திருப்பான், போன் இருப்பதோ கால்சட்டைப் பையில். அதற்காக ஐபி54 போனை வாளியில் முக்கலாம் என்று அர்த்தம் இல்லை. நீராவியை எந்த எண்ணும் தடுக்காது. குளிரில் கிடந்த செட்டை நேராக அடுப்படிக்குக் கொண்டுபோனால் கேமரா கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்து, எடுக்கிற படமெல்லாம் மூடுபனிப் படமாகிவிடும். அப்போது அடுப்பில் காட்டாதீர்கள், அரிசிப் பானையிலும் புதைக்காதீர்கள். அணைத்துவிட்டு, ஈரம் இல்லாத அறையில் சும்மா விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் தானே வடியும்.

இரண்டாவது காரணம் அப்டேட். சாம்சங் நான்கு பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் தருவதாகச் சொல்கிறது, ரெட்மி இரண்டு, மோட்டோ ஒன்றே ஒன்று. அப்பா போனை ஆறு வருஷம் வைத்திருப்பார். பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொரு செயலியாகக் கைவிட்டுக்கொண்டே வரும். 2025 ஜனவரியோடு ஆண்ட்ராய்டு 4.4-ல் வாட்ஸ்அப் நின்றது நினைவிருக்கலாம். பூண்டு விலை முழுக்க வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வருகிற வீட்டில், அது நின்றால் போனே நின்ற மாதிரி. அண்ணன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செட்டை மாற்றுகிறவர், அவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பேட்டரிக்கு வருகிறேன். மூன்றிலும் ஐயாயிரம், அதற்குக் கொஞ்சம் மேல் என்று இருக்கிற வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலையில் பேட்டரியைத் தின்பது திரையைவிட டவர்தான். சிக்னல் மெலிந்தால் போன் அதிகச் சக்தியோடு கத்த ஆரம்பிக்கும், தொலைந்தால் தேடிக்கொண்டே இருக்கும். பூம்பாறையிலிருந்து கவுஞ்சி வரை போய்வந்தால், யாரிடமும் பேசாமலேயே சார்ஜ் இறங்கியிருக்கும். 5ஜி வந்து வந்து போகிற இடமாக இருந்தால் இன்னும் மோசம். செட்டிங்ஸில் 4ஜி என்று நிறுத்திவைத்தால் நிம்மதி. அப்பாவின் போனில் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

குளிரும் உண்டு. லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை குளிரில் மந்தமாகும், உள்தடை கூடும். பேசும்போதோ படம் எடுக்கும்போதோ திடீரென்று மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து செட் அணைந்துவிடும். பேட்டரி காலியானதாக அர்த்தம் இல்லை. புது பேட்டரி இதைச் சமாளிக்கும், வயசானது சமாளிக்காது. அப்பாவின் பழைய போன் அணைந்தது குளிரால். உப்பியது வயசாலும் அடுப்புத் திண்ணைச் சூட்டாலும். ஸ்வெட்டருக்கு உள்பக்கம், சட்டைப் பையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சார்ஜ் ஏறும் வேகத்தில் சாம்சங் 25 வாட், ரெட்மி 18. காற்றடித்தால் கரண்ட் போகிற ஊரில், இருக்கிற அரை மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பது பெரிய விஷயம்.

அன்றாட வேகத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொல்வேன். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, மேப் எல்லாம் ஓடும். 4 ஜிபி ராம் என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் முதலில் திறந்தது மூடிப் புதிதாகத் திறக்கும், அந்தப் பொறுமை வேண்டும். பெட்டியில் "8 ஜிபி வரை" என்று போட்டிருந்தால், பாதி சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது, நிஜ ராம் இல்லை. முடிந்தவரை 64 ஜிபி வேண்டாம். சிஸ்டம் எடுத்தது போக மிச்சத்தை, காலை வணக்கப் படங்கள் ஆறு மாதத்தில் நிரப்பிவிடும். கேமரா, பகலில் மூன்றும் பரவாயில்லை, இரவில் மூன்றும் சுமார். பூண்டுப் பல்லின் பருமன் வியாபாரிக்குத் தெரிந்தால் எங்களுக்குப் போதும். மூன்றிலும் வயர் ஹெட்போன் குத்துகிற ஓட்டை இருப்பது எனக்குத் தனிச் சந்தோஷம். எஃப்எம் உள்ள செட்டில் அந்த வயர்தான் ஏரியல். கொடைக்கானல் பண்பலை 100.5 கேட்க நெட்டும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

நாலாவதாக ஒரு வழியையும் யோசித்தேன். அதே பன்னிரண்டாயிரத்துக்கு மூன்று, நாலு வருஷம் ஓடிய விலையுயர்ந்த செட். திரை, கேமரா, வேகம் எல்லாம் மேலே சொன்ன மூன்றையும் தூக்கிச் சாப்பிடும். ஐபி68 கூடக் கிடைக்கும், ஆனால் ஒரு முறை திறந்து ஒட்டிய செட்டில் அந்த எண்ணை நம்ப முடியாது. சமவெளித் தம்பி ஒருவன் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மலைக்கு வேண்டாம் என்பதற்குப் பேட்டரி வயசு ஒன்றே போதும். மீறி வாங்குகிறவர்கள் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த செட்டின் அடையாள எண்ணை எடுத்து, ஆங்கில எழுத்தில் கேஒய்எம், ஒரு இடைவெளி, அந்தப் பதினைந்து இலக்க எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். திருட்டு செட் என்று முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். கையோடு உங்கள் இரண்டு சிம்மையும் போட்டுப் பேசிப் பார்த்துவிடுங்கள், லாக் இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் அண்ணனுக்கு மோட்டோ, அப்பாவுக்குச் சாம்சங் 128 ஜிபி. சார்ஜர், பேக் கவர், டெம்பர் கிளாஸ் என்று பட்ஜெட் கொஞ்சம் தாண்டியது. "பன்னிரண்டாயிரம்னு சொன்னியே" என்று அப்பா ஒரு வாரம் முனகினார். ஜியோ ஒன்றே போதும், செலவும் ஒன்பதாயிரத்துக்குள் நிற்கவேண்டும் என்கிற வீட்டுக்கு ரெட்மியைத் தயங்காமல் சொல்வேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதைத்தான் சொன்னேன்.

ஒன்றை மட்டும் நான் எந்த ஒப்பீட்டிலும் படிக்கவில்லை. கைரேகை. புது போனில் அப்பாவின் கட்டைவிரலைப் பதியவே முடியவில்லை. பத்துத் தடவை வைத்தும் போன் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலும் அதே கதை. நாற்பது வருஷம் மண்ணைக் கிளறி, பூண்டு உரித்து, ரேகை தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பொத்தான் பக்கவாட்டில் இருந்ததால், இடது கையில் பிடித்து மோதிர விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். உடனே எடுத்துக்கொண்டது. பூண்டு உரிப்பதில் வேலையே இல்லாத விரல் அது.